தலைகீழ் வகுப்பில் வீடியோ இருக்கட்டும், குழு வேண்டாம்: நியாயமான புகாரா?

வெற்றுத்தாள், பிப்ரவரி 3, இரவு 9.40

பாடத்தை வீட்டில் வீடியோவில் பார், வகுப்பில் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடு. இதுதானே ஃபிளிப்டு கிளாஸ், அதாவது தலைகீழ் வகுப்பு? பருவ முடிவில் மாணவர்களிடம் கருத்துக் கேட்டால் பதில் இரண்டாகப் பிளக்கிறது. வீடியோ பிடிக்கும்: நிறுத்தலாம், திரும்பப் போடலாம், தேர்வுக்கு முந்தின நாள் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். குழு பிடிக்காது: ஒருவர் செய்கிறார், மூவர் பெயர் எழுதுகிறார்கள். என் வாதம் இதுதான்: வீடியோவை வைத்துக்கொண்டு குழுவைத் தூக்கிவிடலாம். தனித்தனியாகக் கணக்குப் போடட்டும், சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்கட்டும். கொரோனா காலத்தில் வந்த ஃபேஷன் இது, அதோடு போகட்டும். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கரும்பலகை, பிப்ரவரி 3, இரவு 11.15

பாதி மறுக்கிறேன்.

முதலில் கணக்கு. வகுப்பில் 60 பேர், 50 நிமிடம். ஆசிரியர் ஆள் ஆளாகப் போய் நின்றால் தலைக்கு 50 விநாடி. தாளில் எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். நாலு நாலு பேராக 15 குழு என்றால் குழுவுக்கு 3 நிமிடம் 20 விநாடி. ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காதில் வாங்கி, அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு நகர அது போதும். குழுவை எடுத்துவிட்டால் கை தூக்கும் ஐந்து பேருக்கான வகுப்பாக அது சுருங்கிவிடும்.

அடுத்தது, பேசுவதால் உண்மையிலேயே ஏதாவது மண்டையில் ஏறுகிறதா, இல்லை கெட்டிக்காரர் சொன்னதை மற்றவர்கள் தலையாட்டி வாங்கிக்கொள்கிறார்களா? கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரு கேள்விக்குத் தனியாக வாக்கு. பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு அதே கேள்விக்கு மறுவாக்கு. விடையைச் சொல்லாமலே, அதே கருத்தை வேறு வேடத்தில் கேட்கும் இன்னொரு கேள்விக்கு மறுபடி தனியாக வாக்கு. சரியான விடை சராசரியாக 52 சதவீதத்தில் தொடங்கி, பேசிய பின் 68 ஆகி, புதுக் கேள்வியில் 73 ஆனது. தலையாட்டல் மட்டும்தான் நடந்திருந்தால் மூன்றாவது எண் சரிந்திருக்க வேண்டும்.

கொரோனா ஃபேஷன் என்பது தவறு. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இலேயே பாடத்தைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2000-இல், பொருளியல் ஆசிரியர்கள் மூவர் இதே யோசனையைக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியலில் ‘பக்கத்தில் இருப்பவரிடம் பேசு’ முறையை ஆரம்பித்தது 1991-இல்.

ஒப்புக்கொள்ளும் பாதி நாளைக்கு.

கரும்பலகை, பிப்ரவரி 4, காலை 6.50

ஒப்புக்கொள்ளும் பாதி.

மாணவர் கருத்துத் தாள்களில் ‘குழு’ என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் ‘பார்க்காமல் வந்தவர்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தும். சாதாரண விரிவுரையில் ஒருவர் படிக்காமல் வந்தால் பக்கத்து இருக்கைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இங்கே அவருக்கு முதல் கால் மணி நேரம் முன்கதைச் சுருக்கம் சொல்லியாக வேண்டும். பார்த்துவிட்டு வந்தவருக்குக் கிடைக்கும் பரிசு அது. இரண்டு வாரம் பொறுப்பார், மூன்றாவது வாரம் அவரும் பார்க்காமல் வருவார்.

10-க்கு 3 பேர் பார்க்காமல் வருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூவர் குழுவில் மூவரும் தயாராக இருக்கும் வாய்ப்பு 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் 34 சதவீதம். ஐவர் குழுவில் 17 சதவீதம். ஆக, ஆறு ஐவர் குழுக்களை எடுத்தால் ஐந்தில் குறைந்தது ஒரு வெறுங்கை ஆள் இருப்பார். ‘எங்களுக்கு மட்டும் இப்படி வாய்த்துவிட்டது’ என்று எல்லாக் குழுவும் தனித்தனியாகப் புலம்புவதன் ரகசியம் இதுதான்.

எதிர்க்கட்சி, பிப்ரவரி 4, காலை 8.05

அந்த வெறுங்கை ஆள் சும்மா இருப்பதில்லை ஐயா. குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பத்து நிமிடம் தலைமை தாங்குவார்.

மூன்றாம்வரிசை, பிப்ரவரி 4, பகல் 1.20

0.7-ஐப் பெருக்கியதில் ஒரு ஓட்டை. ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள் என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். நண்பர்கள் சேர்ந்தே விளையாடப் போவார்கள், சேர்ந்தே பார்க்காமல் வருவார்கள். நண்பர்களே குழு அமைத்துக்கொண்டால் சில குழுக்களில் எல்லாரும் தயார், சில குழுக்களில் ஒருவரும் தயாரில்லை. நடுவில் ஆளே இருக்காது.

கரும்பலகை, பிப்ரவரி 4, இரவு 10.30

சரியான திருத்தம். என் எண்கள் ஆசிரியர் கலந்து போட்ட குழுக்களுக்குத்தான் பொருந்தும்.

மாணவர்கள் ‘நாங்களே குழு அமைத்துக்கொள்கிறோம்’ என்று கேட்பார்கள். முதல் வாரத்தில் அது இனிக்கும். இரண்டு சிக்கல்: கடைசியில் மிஞ்சும் நான்கு பேர் ‘மிஞ்சியவர்கள் குழு’ ஆகிவிடுவார்கள், அந்த முத்திரை பருவம் முழுவதும் போகாது. இரண்டாவது, வேலை செய்யாத நண்பரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியர் குழு அமைப்பதானால் மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து அமைக்கக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது ‘வகுப்புக்கு வெளியே எந்த நேரம் ஓய்வு’ என்ற கேள்வி. நால்வருக்கும் பொதுவாக ஒரு மணி நேரமாவது இல்லாத குழு பிறக்கும்போதே செத்த குழு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் ஹெல்லரும் ஹாலபாவும் மூவர் குழுக்களைக் கவனித்து 1992-இல் எழுதினார்கள். இரண்டு ஆண், ஒரு பெண் என்ற கலவையில் அந்தப் பெண் சரியாகச் சொன்னாலும் ஆண்கள் இருவரும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவதைப் பார்த்தார்கள். இரண்டு பெண், ஒரு ஆண் என்றாலோ, ஒரே பாலினம் என்றாலோ அந்தச் சிக்கல் குறைந்தது. எல்லாக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் பகிர்ந்து போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

வெற்றுத்தாள், பிப்ரவரி 5, காலை 7.10

பார்க்காமல் வருவதை எப்படித் தடுப்பது? யார் எத்தனை நிமிடம் பார்த்தார் என்ற பதிவைப் பார்த்து மதிப்பெண் போட்டால்?

கரும்பலகை, பிப்ரவரி 5, இரவு 9.00

வேண்டாம். வீடியோ ஓடியது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பதிவு சாட்சி. ஒலியை அணைத்து வேறு தாவலில் ஓடவிட்டாலும் 100 சதவீதம் காட்டும்.

ஓரளவு வேலை செய்யும் வழி நுழைவுத் தேர்வு. ஒக்லஹாமா பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கேல்சன் 1970-களின் கடைசியில் உருவாக்கிய குழுவழிக் கற்றல் முறையின் முதுகெலும்பு இதுதான். நடப்பது இப்படி: வகுப்பு தொடங்கியதும் ஆளுக்கு ஒரு தாள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். உடனே அதே கேள்விகளைக் குழுவாக ஒரு முறை. குழுவுக்குக் கொடுப்பது லாட்டரிச் சீட்டு மாதிரி சுரண்டும் அட்டை. சரியான கட்டத்தைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரியும். முதல் சுரண்டலிலேயே கிடைத்தால் 4 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1, நாலாவதில் ஒன்றும் இல்லை.

அட்டையில் இருக்கும் விஷயம் அந்த இரண்டாவது சுரண்டல். முதல் தடவை குரல் பெரியவர் சொன்னதைச் சுரண்டுவார்கள். காலி. அப்போதுதான் ஓரத்தில் இருந்தவர் ‘நான் இ-தான் சொன்னேன்’ என்பார். மூன்றாவது கேள்விக்குள் அவரையும் கேட்டுவிட்டுச் சுரண்ட ஆரம்பிப்பார்கள். ‘எல்லாரையும் பேச விடுங்கள்’ என்று ஆசிரியர் நாற்பது தடவை சொன்னாலும் நடக்காத காரியம் இது.

அட்டை இல்லாதவர்கள் கூகுள் படிவத்தில் ‘தவறு, மறுபடி முயல்க’ என்று அதே பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் கடைசி விடை மட்டும்தான் நிற்கும், எத்தனை தடவை தவறினார்கள் என்று பதிவாகாது. முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி என்று தனித்தனிக் கேள்வியாக வைத்தால்தான் புள்ளி போட முடியும். அதுவும் முடியாதென்றால் தாளில் நான்கு கட்டத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கிழிக்கச் சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கும், வேலை நடக்கும்.

எத்தனை மதிப்பெண் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூஜ்யம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மொத்தத்தில் 20 சதவீதம் என்று ஏற்றினால் அதே தேர்வை முதலில் எழுதிய பிரிவு மாணவர்கள் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். தனிக்கு 5, குழுவுக்கு 5 என்ற அளவில் நிறுத்தி, மோசமான இரண்டு வாரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் சண்டை வராது.

மூன்றாம்வரிசை, பிப்ரவரி 6, காலை 9.45

வீடியோ நீளத்தையும் சொல்லுங்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வை நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 45 நிமிட விரிவுரையை அப்படியே ஏற்றிவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று திட்டுவது வீண்.

கரும்பலகை, பிப்ரவரி 6, பகல் 12.30

ஒரு எச்சரிக்கையோடு ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இணையப் பாடத்தின் பார்வையாளர்கள், அடுத்த நாள் தேர்வு இருப்பவர்கள் இல்லை. ஆனாலும் ஆறு ஆறு நிமிடத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி வைப்பது நல்லது. தேடிப் பிடித்துத் திரும்பப் பார்க்க வசதி.

ஆனால் துண்டாக வெட்டினாலும் மொத்தம் குறையாது. இங்கேதான் மாணவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. 30 நிமிட வீடியோவை நிறுத்திக் குறிப்பெடுத்துப் பார்த்தால் 45 நிமிடம் ஆகும். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்றால் இரண்டே கால் மணி நேரம். பழைய வீட்டுப்பாடத்தையும் அப்படியே விட்டுவைத்தால் அது ஒரு பாடமாக இருக்காது, ஒன்றரைப் பாடம். ‘தலைகீழ்’ என்றால் வீட்டில் ஒன்று நுழையும்போது இன்னொன்று வெளியேற வேண்டும். வெளியேற்ற மறந்துவிட்டு ‘மாணவர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதுபவர்கள் ஏராளம்.

எதிர்க்கட்சி, பிப்ரவரி 6, இரவு 8.20

ஒரே ஆசிரியர் ஃபிளிப் செய்தால் மாணவன் தலைகீழாக நிற்பான். ஐந்து ஆசிரியர்களும் செய்தால் தூங்கும் நேரம்தான் தலைகீழாகும்.

வெற்றுத்தாள், பிப்ரவரி 7, காலை 6.30

குழுவில் எத்தனை பேர்? நான் கேட்ட வரையில் மாணவர்களுக்கு மூன்றுதான் பிடிக்கிறது. ஆனால் மைக்கேல்சன் முறையில் ஐந்து முதல் ஏழு என்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தால் பலம் என்று நினைத்திருப்பாரோ?

கரும்பலகை, பிப்ரவரி 7, இரவு 11.40

தேர் என்றீர்கள், வடம் ஞாபகம் வந்துவிட்டது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913-இல் வெளியிட்ட கணக்கு இது: தனியாக இழுப்பதை 100 என்று வைத்தால், இருவராகும்போது ஆளுக்கு 93, மூவராகும்போது 85, எட்டுப் பேராகும்போது 49. ஒரு பகுதி இழுப்பின் தாளம் ஒத்துவராததால். மீதி, ‘நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியும்’ என்பதால். 1974-இல் இதைப் பிரித்தே பார்த்தார்கள்: கண்ணைக் கட்டி, பின்னால் ஆள் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது.

அதனால் சின்னக் குழுதான் சரி என்று முடித்துவிடலாமா? வேலையைப் பொறுத்தது. ஒரே தாளில் கணக்குப் போடும் வேலைக்கு மூன்றுதான் உச்சம். நடுவில் எழுதுபவர், இருபுறமும் இருவர். நாலாவது ஆள் தாளைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் (வகுப்பின் பெயருக்கு அது பொருத்தம்தான்). தகவலைத் திரட்டி ஒரு முடிவுக்கு வரும் வேலைக்கு ஐந்து, ஆறு தாங்கும். பேச வேண்டிய ஜோடிகளை எண்ணுங்கள்: மூவரில் 3, நால்வரில் 6, அறுவரில் 15, எழுவரில் 21. ஏழு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேச்சு நடக்கும், சில சமயம் மூன்று.

மூன்றின் பலவீனம் வராத ஆள். ஒருவர் விடுப்பு எடுத்தால் ஜோடி, இருவர் எடுத்தால் குழுவே இல்லை. வருகை ஒழுங்காக இல்லாத வகுப்பில் நான்கு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கரும்பலகை, பிப்ரவரி 8, காலை 7.15

நேற்று ‘வேலையைப் பொறுத்தது’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

‘கீழ்க்கண்ட ஐந்து கணக்குகளையும் குழுவாகச் செய்க.’ இதைக் கொடுத்த மறுநொடி என்ன நடக்கும் என்று எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார்: ‘நீ ஒன்று, நான் இரண்டு.’ 20 நிமிடம் மௌனம், கடைசியில் ஒரே கோப்பில் ஒட்டல். நான்கு பேர் தனித்தனியாக வேலை செய்து ஒன்றாகக் குண்டூசி குத்துவதைக் குழு என்று சொல்ல முடியாது. அதைச் சோம்பல் என்று திட்டவும் முடியாது, கேள்வியின் வடிவமே அப்படிப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது.

மாற்றாக ஒரு புள்ளியியல் கேள்வி. ஒரு சோதனையில் 24 பேரின் அளவீடுகள். இருவரின் எண் மட்டும் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு. (அ) இருவரையும் நீக்கிச் சராசரி, (ஆ) அனைவரையும் வைத்து இடைநிலை, (இ) மடக்கை எடுத்துச் சராசரி. அறிக்கையில் எதைப் போடுவீர்கள்? ஒன்றே ஒன்று. மூன்று கணக்கையும் பிரித்துச் செய்யட்டும், தடையில்லை. ஆனால் எதை எடுப்பது என்பதைப் பிரித்துக்கொள்ள முடியாது. அந்த இருவரும் அளவீட்டுப் பிழையா, உண்மையிலேயே அப்படிப்பட்டவர்களா என்று வாதாடித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் அட்டை தூக்க வேண்டும். வரிசையாகச் சொல்லவிட்டால் முதல் குழு பேசும், மூன்றாவது குழு ‘அவர்கள் சொன்னதேதான்’ என்னும், எட்டாவது குழு கைப்பேசியில் இருக்கும். அட்டை தூக்கிய பிறகு ஒரு பகடையை உருட்டி, குழுவில் அந்த எண்ணுக்குரியவர் விளக்க வேண்டும். நால்வர் குழுவில் 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், திடீரென்று செய்தால் பொறி வைத்தது போலாகும். தடுமாறினால் ஒரு தடவை குழுவைக் கேட்டுக்கொள்ளலாம் என்ற சலுகையும் வையுங்கள். கூச்சமுள்ளவர்களுக்கு அந்த ஒன்றே பாதி பயத்தைப் போக்கும்.

மூன்றாம்வரிசை, பிப்ரவரி 8, பகல் 2.00

பொறுப்புகள் கொடுப்பதைப் பற்றி? மேலாளர், எழுதுபவர், மறுத்துக் கேட்பவர் என்று.

கரும்பலகை, பிப்ரவரி 8, மாலை 5.50

மறுத்துக் கேட்பவர் மட்டும் எனக்கு முக்கியம். ‘ஏன்?’ என்று கேட்பது அவருடைய உத்தியோகம் என்று ஆகிவிட்டால் யாரும் அதைச் சொந்தத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாரம் ஒரு முறை மாற்றாவிட்டால் கையெழுத்து அழகாக இருப்பவர் பருவம் முழுக்க எழுத்தராகவே காலம் தள்ளுவார். எழுதிக்கொண்டிருப்பவருக்கு யோசிக்க நேரம் கிடையாது.

வெற்றுத்தாள், பிப்ரவரி 9, இரவு 9.30

இவ்வளவும் செய்தாலும் ‘பெயர் எழுதும் மூவர்’ புகார் அப்படியே நிற்கிறது. பெரிய செயல்திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்ணா?

கரும்பலகை, பிப்ரவரி 10, காலை 6.40

இல்லை. சக மாணவர் மதிப்பீட்டை வைத்துத் திருத்த வேண்டும். நால்வரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடுகிறார்கள். எண்ணாகக் கேட்காமல் சொல்லாகக் கேளுங்கள்: மிகச் சிறப்பு, நன்று, திருப்தி, அரைகுறை, வரவே இல்லை என்ற மாதிரி. பின்னால் நீங்கள் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்வதைச் சேர்க்காதீர்கள்.

உதாரணம். சொற்களை நூற்றுக்கு எண்ணாக மாற்றினால் நால்வர் பெற்ற சராசரி 87.5, 87.5, 75, 50. குழுச் சராசரி 75. ஒவ்வொருவர் எண்ணையும் 75-ஆல் வகுத்தால் 1.17, 1.17, 1.00, 0.67. குழுவின் மதிப்பெண் 80 என்றால் முதல் இருவருக்கும் 93, மூன்றாமவருக்கு 80, நாலாமவருக்கு 53. மேலே ஏறுவதற்கு 1.05 என்று உச்சவரம்பு வைப்பது நல்லது. அப்போது முதல் இருவருக்கும் 84. உச்சவரம்பு இல்லாவிட்டால் ஒரே ஆள் எல்லா வேலையையும் பிடுங்கிச் செய்து பெயர் வாங்கப் பார்ப்பார்.

எங்கே கெடும்? நால்வரும் பேசி வைத்து எல்லாருக்கும் ‘மிகச் சிறப்பு’ போட்டுவிடுவார்கள். அப்போது வகுத்து வரும் எண் எல்லாருக்கும் 1, எந்த மாற்றமும் இல்லை. சிலர் இதைத் தடுக்கக் கட்டாயம் வேறுபடுத்த வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நால்வரும் ஒழுங்காக உழைத்த குழுவில் ஒருவரைப் பலி கொடுக்கச் சொல்வது அது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு வரி காரணம் எழுதச் சொன்னாலே பாதிப் பொய் குறையும். பருவ நடுவில் ஒரு முறை, மதிப்பெண்ணில் சேராமல், முடிவை அவரவருக்கு மட்டும் காட்டுங்கள். திருந்த நினைப்பவருக்கு அது வாய்ப்பு. முடிவில் மட்டும் கேட்டால் பழிவாங்கத்தான் பயன்படும்.

மூன்றாம்வரிசை, பிப்ரவரி 10, பகல் 11.25

நாலாமவர் எண்தான் சராசரியையே கீழே இழுக்கிறது. அதனால் சுமாராகச் செய்த மூன்றாமவருக்கு முழு 80 கிடைத்துவிட்டது, கவனித்தீர்களா?

கரும்பலகை, பிப்ரவரி 10, இரவு 10.10

கவனித்தேன், மறைத்தேன். இந்த முறையின் நிரந்தர ஓட்டை அது. நாலாமவரின் எண்ணை விட்டுவிட்டு மற்ற மூவரின் சராசரியை, அதாவது 83.3-ஐ, அடித்தளமாக எடுத்தால் மூன்றாமவருக்கு 72, முதல் இருவருக்கும் உச்சவரம்பு வரை போய் 84, நாலாமவருக்கு 48 ஆகும். ஆனால் யாருடைய எண்ணை விடுவது என்று ஆசிரியர் முடிவெடுக்க வேண்டிவரும், அங்கே வேறு சண்டை. ‘வரவே இல்லை’ என்று மூவரும் போட்டால் மட்டும் விடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சி, பிப்ரவரி 11, காலை 8.30

எல்லாம் சரி. மாணவர்களே ‘குழு வகுப்பில் குறைவாகத்தான் கற்றோம்’ என்று எழுதுகிறார்களே? செயல்வழி வகுப்பில் தோல்வி குறைகிறது என்று ஃப்ரீமன் குழு 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியதை நீட்டினால் சிரிக்கிறார்கள்.

கரும்பலகை, பிப்ரவரி 11, இரவு 9.50

அதை நீட்டுவதில் ஒரு பிசகு உண்டு. விரிவுரையில் தோல்வி 33.8 சதவீதம், செயல்வழியில் 21.8 என்பது உண்மை. ஆனால் அந்தத் தொகுப்பு தலைகீழ் வகுப்பை மட்டும் பற்றியது இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் வகுப்புக்குள் மாணவர் ஏதாவது செய்யும் எல்லா முறையும் அதில் அடக்கம்.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் டெலோரியே குழு செய்தது. அதே பாடம், அதே பயிற்சித் தாள். ஒரு பாதி மெருகான விரிவுரை கேட்டது, மறு பாதி சின்னக் குழுக்களில் மல்லுக்கட்டியது. தேர்வில் மல்லுக்கட்டியவர்கள் அதிகம் எடுத்தார்கள். ஆனால் ‘எவ்வளவு கற்றதாக உணர்ந்தீர்கள்’ என்று கேட்டதற்கு விரிவுரைக்காரர்கள்தான் அதிகம் என்றார்கள். நல்ல பேச்சாளர் பேசும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். சொந்தமாகப் போடும்போது திணறல்தான் தெரியும், கற்றது தெரியாது.

இதை ஆசிரியர்கள் கேடயமாகத் தூக்கக் கூடாது, அந்த ஆபத்தும் இருக்கிறது. ‘உங்களுக்குத் தெரியாமலே கற்றுக்கொண்டீர்கள், போங்கள்’ என்று எல்லாப் புகாரையும் தள்ளிவிடலாம் அல்லவா? நான் பிரித்துப் படிப்பேன். எத்தனை மணி நேரம் ஆனது, யார் வேலை செய்யவில்லை, கேள்வி குழப்பமாக இருந்ததா: இவற்றில் மாணவர் சொல்வதே சாட்சியம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கற்றோம் என்பதை மட்டும் தேர்வை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கருத்துத் தாளில் கலந்து கேட்டு ஒரே சராசரி போடுவதால்தான் வீடியோவுக்கு நல்ல பெயரும் குழுவுக்குக் கெட்ட பெயரும் வருகின்றன.

வெற்றுத்தாள், பிப்ரவரி 12, காலை 7.00

என் முதல் வாதத்தில் முக்கால்வாசியை வாபஸ் வாங்குகிறேன். மீதி கால்வாசி: நகர்த்த முடியாத பெஞ்சு உள்ள 120 பேர் அரங்கில் இதெல்லாம் நடக்குமா? வட்ட மேசைக்கு எங்கே போவது?

கரும்பலகை, பிப்ரவரி 12, இரவு 8.45

வட்ட மேசை நல்லதுதான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் அமைத்த ஸ்கேல்-அப் அறைகளில் 7 அடி விட்ட மேசை, அதில் ஒன்பது பேர், மூன்று மூவர் குழு. அது இல்லாவிட்டால் வரிசைக் கணக்கு: இரண்டு வரிசையை நிரப்பி மூன்றாவதைக் காலியாக விடுங்கள். முன்வரிசை இருவர் திரும்பி உட்கார்ந்து, பின்வரிசை இருவரோடு சேர்ந்தால் நால்வர். காலி வரிசையில் ஆசிரியர் நடந்து எல்லாக் குழுவையும் எட்டலாம். இதற்கு அரங்கில் 180 இருக்கை வேண்டும். 120-க்கு 120 தான் என்றால் காலி வரிசையை மறந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாகப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மசூர் முறை அதற்கென்றே பொருந்தும்: தனி வாக்கில் சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பேசவிடு, அதற்குக் கீழே என்றால் மறுபடி விளக்கு, மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்.

திரும்பி உட்கார்ந்து பேசி முடிக்கவே மூன்று நிமிடம் போகும். 50 நிமிட வகுப்பில் நுழைவுத் தேர்வு, குழுத் தேர்வு, பெரிய கேள்வி மூன்றையும் ஒரே நாளில் திணிக்க முடியாது. தேர்வு ஒரு நாள், கேள்வி அடுத்த நாள்.

வெற்றுத்தாள், பிப்ரவரி 13, காலை 6.20

கடைசியாக ஒன்று. பருவ நடுவில் இருவர் பாடத்தை விட்டுவிட்டால், நால்வர் குழுவில் மிஞ்சிய இருவரை என்ன செய்வது?

கரும்பலகை, பிப்ரவரி 13, காலை 7.05

அலகு முடியும் வரை இருவராகவே விடுங்கள், கேள்வியை மட்டும் கொஞ்சம் சுருக்குங்கள். நடுவில் வேறு குழுவில் சேர்த்தால் அங்கே அவர்கள் விருந்தாளி. அலகு முடிந்ததும் அதே மாதிரி ஆள் குறைந்த இன்னொரு ஜோடியோடு சேர்த்து நால்வராக்குங்கள். இருவரும் புதியவர்கள், எதிரே இருப்பவர்களும் புதியவர்கள், யாருக்கும் சீனியாரிட்டி கிடையாது. அப்படி ஜோடி கிடைக்கவில்லை என்றால் ஒரு மூவர் குழுவோடு சேர்த்து ஐவராக்கலாம். மூன்று நால்வர் குழுவைக் கலைத்து மறுபடி பங்கு போடுவது மட்டும் வேண்டாம், இருவருக்காகப் பன்னிரண்டு பேர் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.